பாதி டேங்குக்குக் கீழே

இன்று எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை. மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்த பிறகு, ஜெனரேட்டர் அறைக்கும் மாலை போட்டுவிட்டு வரச் சொல்லி ஒரு கூடை ரோஜாவோடு என்னை அனுப்பினார்கள். யாரோ அப்போதுதான் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும். தரையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. கதவைத் திறந்ததும் இரண்டு வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. ரோஜாவும் டீசலும். கூடையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். கூட வேலை செய்கிற ஜோதி வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“காலைல ஒண்ணும் சாப்புடலையாக்கா?” என்றாள்.

சாப்பாட்டினால் இல்லை, அது உன் வாசனை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். அடி வாங்கும்போதுகூட ‘வேணாங்க, வேணாங்க’ என்றுதான் கத்தினேன். உதடு கிழிந்து வாய் நிறைய ரத்தம் இருந்தபோதும் என் மரியாதை குறையவில்லை. இந்த மடலில் மட்டும் நீ என்றே எழுதுகிறேன். கோபத்தால் அல்ல. அந்த ‘ங்க’வையும் தூக்கிக்கொண்டு என்னால் இவ்வளவு தூரம் வர முடியாது.

நாகரசம்பட்டியிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. எங்கள் வீட்டில் எல்லோரும் மாந்தோப்புக் கூலி. மாப்பிள்ளை வேப்பனப்பள்ளி, சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார், மூன்று பாஷை பேசுவார் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது உண்மைதான். உன் அம்மாவிடம் தெலுங்கு, பெங்களூர் பூ மார்க்கெட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். ரோஜாத் தோட்டங்களில் விடியும் முன்பே பூக்கட்டுகளை ஏற்றி, எல்லை தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாய். ஒரு கட்டு நசுங்கினாலும் உனக்குத் தாங்காது. சாக்கை நனைத்துப் பெட்டிமேல் போர்த்தும்போது தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல் இருக்கும். முதல் வருடம் நானும் தோட்டத்துக்குக் கட்டுக் கட்ட வந்தேன். என் உள்ளங்கையில் ஏறின முள்ளையெல்லாம் நீதான் எடுத்துவிட்டாய். ஊக்கு முனையை நெருப்பில் காட்டி, என் கையை உன் தொடைமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாக. “வலிச்சா சொல்லுமே” என்பாய். அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றுதான் என்பதை என் உடம்பு நம்புவதற்கு ரொம்ப நாள் ஆனது.

முதல் அடி எதற்கு விழுந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டைத் திறக்கத் தாமதமானதற்கு. இரண்டாவது, அக்காவோடு போனில் சிரித்ததற்கு. அப்புறம் காரணத்தை எண்ணுவதை விட்டுவிட்டேன். உன் பெல்ட்டின் பக்கிள் என் முதுகில் பதிந்த இடம் இன்றும் மழை நாளில் அரிக்கும். ஒரு தீபாவளிக்கு உன் அம்மா வந்திருந்தபோது, அவர் கண்ணெதிரிலேயே என்னை வயிற்றில் உதைத்தாய். அத்தை டீவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிறகு சமையலறைக்கு வந்து, “ஆம்பளைக்குக் கோவம் வரும். நீ வாய வளத்தாம இருந்தா சரியாப்பூடும்” என்றார்.

நான் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தது உனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. என் வேலை உனக்கு எப்போதும் சிரிப்பு. அலுமினிய உறை ஒன்றின் வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை. வராவிட்டால் நல்ல உறை. ஷிப்ட் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சில ஓட்டைகள் கடுகளவுக் குமிழி ஒன்றை விட்டுவிட்டு வெகுநேரம் சும்மா இருக்கும். கண் சிமிட்டினால் தப்பிவிடும். “என் பொண்டாட்டி கம்பெனில மீன் புடிக்கறா” என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாய்.

வண்டிக்கு அந்தக் கோளாறு வந்தது ஒரு மழைக்காலத்தில். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஐடிலிங் சீராக நிற்காமல் ஏறும், இறங்கும். மூச்சுத் திணறுகிறவனைப் போல் ஒரு இழுப்பு, பிறகு ஒரு உறுமல். வண்டியே நடுங்கும். சில நேரம் அப்படியே இறங்கி இறங்கி நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி செத்துவிடும் போல் சுற்ற வேண்டியிருக்கும்.

முதலில் டீசல் ஃபில்டர் அடைப்பு என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் லைன் வீட்டு வாசலிலேயே பானட்டைத் திறந்து புது ஃபில்டர் போட்டாய். என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, அழுத்து என்றால் அழுத்த வேண்டும், விடு என்றால் விட வேண்டும் என்றாய். நீ குனிந்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தாய். “விடு” என்றாய். விட்டேன். இன்ஜின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது.

“பட்டுனு விடாதன்னு சொன்னனா இல்லியா?”

சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கொண்டையைப் பிடித்து ஸ்டீயரிங்கில் மோதினாய். நெற்றி ஹாரன்மேல் பட்டது. ஹாரன் அலறியது. மறுபடி மோதினாய். மறுபடி அலறியது. மூன்று முறை. எதிர் வீட்டுக்காரர் ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்து, பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தை நீயே உன் தோள் துண்டால் துடைத்தாய். அதில் டீசல் வாசனை அடித்தது.

அடுத்து, இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் என்றாய். நான்கு நாசிலையும் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பினாய். பிறகு டீசல் பம்பு. பம்பை இறக்கி, செட்டிங் பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். பாகலூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மஞ்சண்ணாதான் எல்லாவற்றையும் செய்தார். வயதில் உன்னைவிடப் பெரியவர், கன்னடக்காரர், யாரையும் அதட்டத் தெரியாத மனிதர். ஒவ்வொரு முறையும் வண்டி அவர் ஷெட்டில் ஒழுங்காக நிற்கும். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். வாசலில் வண்டி நின்று, அந்த ஏற்ற இறக்கம் கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். கொதிக்கிற எதுவும் அடுப்பில் இருக்கக் கூடாது. ஒருமுறை ரசப் பாத்திரத்தை என்மேல் வீசியிருந்தாய்.

பயந்து பயந்து கேட்டதால்தான் எனக்கு அது பிடிபட்டது என்று நினைக்கிறேன். எந்தெந்த நாள் வண்டி நடுங்குகிறது, எந்தெந்த நாள் நடுங்கவில்லை என்று உன்னைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். என் உடம்பு அதைக் கணக்கு வைத்திருந்தது. டீசல் விலை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கம்தான் நீ டேங்கை நிரப்புவாய். நிரப்பிய அன்றும் மறுநாளும் எனக்கு நல்ல நாள். மூன்றாம் நாள், டீசல் முள் பாதிக்குக் கீழே வந்ததும் ஆரம்பிக்கும். நீயோ மஞ்சண்ணாவிடம் போகிற அன்றெல்லாம் மார்க்கெட்டிலிருந்து திரும்பி, டேங்க் நிறைய டீசலோடு போவாய். அவர் பார்க்கும்போது வண்டி யோக்கியமாக நிற்கும்.

ஒரு சாயங்காலம் வண்டியடியில் ஒட்டியிருந்த பூச்சருகைப் பெருக்கி எடுக்கக் குனிந்தபோது, டேங்கிலிருந்து வருகிற ரப்பர் பைப் சேசிஸோடு வளைகிற இடத்தில் மண் ஈரமாக அப்பியிருந்ததைப் பார்த்தேன். தொட்டு முகர்ந்தேன். டீசல். எனக்கு உடனே என் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. பைப் அங்கே வெடித்திருக்க வேண்டும். டேங்க் நிரம்பியிருந்தால் அந்த வெடிப்பு வழியாக டீசல் வெளியே கசியும். டீசல் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் இன்ஜின் அதே வெடிப்பு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். டீசலோடு காற்று கலந்து போனால் எந்த இன்ஜின் சீராக நிற்கும்?

சந்தோஷமாக இருந்தது எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கோளாறு கிடைத்துவிட்டது, இனி அடி இருக்காது என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

“ஏங்க, டேங்க்கு பாதிக்குக் கீழ போனாத்தான் இப்படி ஆவுது. டீசல் பைப்புல எங்கியோ காத்து இழுக்குதுங்க. பம்புலயும் இல்ல, நாசில்லயும் இல்ல.”

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். “தண்ணில முக்கி எடுக்கறவ எனக்கு வண்டி சொல்லித் தர்றியா?” என்றாய். மெதுவாகத்தான் கேட்டாய். கை கழுவிக்கொண்டு வந்து, டூல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வீசினாய். தோளெலும்பில் விழுந்தது. கீழே உட்கார்ந்தவளை இழுத்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் வாளித் தண்ணீருக்குள் என் தலையை அழுத்தினாய். “குமிழி வருதா பாருமே! வருதா?” என்று கேட்டாய். வந்தது. என் கண்ணெதிரிலேயே வந்தது.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடியிருந்தால் இந்த விரல்கள் நேராக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து, நீ சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாய் என்று டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மஞ்சண்ணா ஷெட்டுக்கு வந்தேன். வண்டி நின்றிருந்தது. பம்பை மறுபடி இறக்குவதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். மஞ்சண்ணா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு என்ன தைரியம் வந்ததோ.

“அண்ணா, ஃபில்டருக்கு முன்னாடி பைப்பக் கழட்டி, உள்ள தெரியற மாதிரி ஒரு டியூப்பு போட்டுப் பாருங்க. டேங்க்கு கொறைவா இருக்கறப்பப் பாருங்க. குமிழி வந்தா காத்து இழுக்குதுன்னு அர்த்தம்.”

மஞ்சண்ணா என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். “ஹௌதல்லா... ஆமாப்பா, இதை நாம யோசிக்கவே இல்லியே. அம்மா சொல்றதுல பாயிண்டு இருக்குது” என்றார். அவர் வெள்ளையாகச் சொன்னார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். “வா, ஊட்டுக்குப் போலாம்” என்று என்னை வண்டியில் ஏறச் சொன்னாய்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்கினேன். இறங்கும்போது இடது கை கதவுத் தூணைப் பிடித்திருந்தது. நீ சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாய். நான் கையை எடுப்பதற்குள் கதவைச் சாத்தினாய். தெரியாமல் இல்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டே, முழுப் பலத்தோடு. இரண்டு விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. எலும்பு நொறுங்குகிற சத்தத்தை நான் கேட்டேன். கதவைத் திறக்காமல் அப்படியே அதன்மேல் சாய்ந்து நின்று கேட்டாய்: “இன்னொரு ஆம்பள எதுக்க எனக்குப் புத்தி சொல்லுவியா? சொல்லுவியா?”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி அடிபட்டது என்று கேட்டார். வண்டிக் கதவு சாத்திவிட்டது என்றேன். பொய் இல்லை. யார் சாத்தியது என்பதை மட்டும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு நேரே நாகரசம்பட்டிக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். நான்கு நாள் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர் ஐந்தாம் நாள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். “புருசன் பொண்டாட்டின்னா இருக்கறதுதான்” என்றார். அவர் வீட்டில் இடம் அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்த சாயங்காலம் நீ வீட்டிலிருந்தாய். என் கட்டைப் பார்த்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வழக்கம்போல் கேபினைத் துடைத்துவைக்கப் போனேன். சாவியைப் போட்டதும் டீசல் முள் கண்ணில் பட்டது. பாதிக்குக் கீழே, நன்றாகக் கீழே. திரும்பி உள்ளே வந்தபோது, “ஏம்மே, வண்டி...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய். வண்டி என்ற சொல்லைக் கேட்டதுமே, தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். நீயும் அப்புறம் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் இல்லை.

மறுநாள் காலை நீ கிளம்பினாய். ஆறரை மணி இருக்கும். பூ தோட்டத்தில் ஏற்றியாகிவிட்டது. பெட்டிகளோடு வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறாய். டேங்க் குறைவாக இருக்கிறது, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ‘முதல்ல டீசல் போட்டுக்குங்க’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பைப்பைப் பற்றிப் பேசாமல், காற்றைப் பற்றிப் பேசாமல், அவ்வளவு மட்டும். சொல்லவில்லை. உன் வண்டி கிளம்புகிற சத்தம் காதில் விழக் கூடாது என்று ஒற்றைக் கையால் மிக்ஸியைப் போட்டேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் சொன்னேன்: நிற்கட்டும். ஹைவேயில் நடுவில் நிற்கட்டும். பின்னால் லாரி வரட்டும்.

அப்படித்தான் நினைத்தேன். அந்த வார்த்தைகளையே.

கட்டுப் போட்ட கையோடு ஷிப்டுக்குப் போயிருந்தேன். எட்டு மணிக்குக் கம்பெனி செக்யூரிட்டி வந்து என்னைக் கூப்பிட்டார். ஹைவேயில் பெட்ரோல் பங்க் எதிரே, குறுக்கே திரும்பும் இடத்தில் கன்டெய்னர் லாரி உன் வண்டியின் டிரைவர் பக்கத்தில் ஏறிவிட்டது. நான் போனபோது உன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ரோடு முழுக்க ரோஜா. லாரிகள் அதன்மேல் ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தன. சிவப்பில் எது எது என்று தெரியவில்லை. உன் ஒரு செருப்பு மட்டும் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கிடந்தது. யாரோ ஒருவர், “திரும்பறப்ப வண்டி ஆஃப் ஆயிட்ச்சாம்” என்று இன்னொருவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

வேப்பனப்பள்ளியில்தான் உன்னை அடக்கம் செய்தோம். அத்தை “நா கொடுக்கா, நா கொடுக்கா” என்று, ‘என் மகனே’ என்று தெலுங்கில் கூப்பிட்டு மார்பில் அடித்துக்கொண்டார். இடையில் என்னைப் பார்த்து, “வண்டி ரிப்பேருன்னு தெரிஞ்சும் அனுப்பி வச்சாளே” என்று கத்தினார். எல்லோரும் அவரை அடக்கினார்கள். நான் அடக்கவில்லை. அவர் சொன்னது சரி என்றிருந்தேன். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. அழும்போதே, இன்றைக்கு அடி இல்லை என்று முதுகு தன்பாட்டுக்கு நிம்மதிப்பட்டுக்கொண்டது. இரண்டும் ஒரே உடம்பில்தான் நடந்தது. அதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

இரண்டு மாதம் கழித்து வண்டியை விடுவித்துக்கொண்டு போகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. மஞ்சண்ணாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வேப்ப மரத்தடியில், மணல் லாரிகளுக்கும் நசுங்கின பைக்குகளுக்கும் நடுவே நின்றிருந்தது. டிரைவர் பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. இடது பக்கம் கீறல்கூட இல்லை. மஞ்சண்ணா பேப்பரில் கையெழுத்து வாங்கப் போனார். நான் ஜல்லியில் முட்டி போட்டு, படுத்து, வண்டிக்கடியில் நுழைந்தேன். அந்த வெடிப்பை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. உன்னைக் கொன்ற ஓட்டை. அன்று காலை நான் சொல்லாமல் விட்ட ஓட்டை.

அங்கே வெடிப்பு இல்லை. புது ரப்பர் பைப், கறுப்பாகப் பளபளத்தது. இரண்டு முனையிலும் புதுக் கிளிப்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். மஞ்சண்ணா திரும்பி வந்தபோது என் புடவையெல்லாம் மண்.

“அண்ணா, அந்தப் பைப்ப யார் மாத்துனது?”

“நான்தாம்மா. நீ ஊருக்குப் போயிருந்த இல்ல, அப்ப கொண்டாந்தான். நீ சொன்னாப்பலயே தெரியற டியூப்பு போட்டுப் பாத்தோம். குமிழி குமிழியா வந்துச்சு. பைப்ப மாத்துனதும் தேன் மாதிரி நின்னுடுச்சு வண்டி. பாதி டேங்க்கு, கால் டேங்க்கு, எல்லாத்துலயும் பாத்துட்டம்மா.”

“அப்ப வண்டி ஆஃப் ஆவலியா?”

“ஆவலம்மா. பங்க் கேமராவுல எல்லாம் இருக்குதே. போலீஸ்காரங்களே சொன்னாங்க. அவந்தான் அவசரத்துல லாரி வர்றதப் பாக்காம குறுக்க திருப்பிட்டான்.” அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். “அவன் அன்னிக்கி ஒண்ணு சொன்னாம்மா. ‘அவ சொன்னது சரிதாண்ணா’ன்னான். ‘ஆனா அவகிட்ட சொல்லிடாத’ன்னான்.”

எனக்கு முதலில் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்தேன். வண்டியின் பின்பக்கம் வீல் ஸ்பேனர் கிடந்தது. வலது கையில் எடுத்தேன். அந்த இடது பக்கக் கதவில், கீறலில்லாமல் நின்ற கதவில், அடித்தேன். கண்ணாடி உடைந்து என் காலில் கொட்டியது. மறுபடி அடித்தேன். தகரம் உள்வாங்கியது. கைப்பிடி பிய்ந்து பறந்தது. “சரின்னு தெரியும்! சரின்னு தெரியும்!” என்று கத்தினேனாம். மஞ்சண்ணா பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது. அடித்துக்கொண்டே இருந்தேன். கதவு கீலிலிருந்து தொங்கியது. தொங்கின கதவையும் அடித்தேன். கோணிப் போன விரல்களோடு இடது கையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அந்த வலி எனக்குத் தேவைப்பட்டது. ஒரு கான்ஸ்டபிள் ஓடி வந்து, “ஏம்மா, ஏம்மா, ஸ்டேஷன்ல நின்னுகிட்டு என்னாம்மா பண்ற!” என்றார். மஞ்சண்ணா கையை நீட்டி அவரை நிறுத்தினார். “விடுங்க சார். அவங்க வண்டிதான்” என்றார்.

ஓய்ந்து உட்கார்ந்தபோது இரண்டு காலிலும் ரத்தம். அவர் ஸ்பேனரை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். “தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கி வாயத் தொறந்திருக்க மாட்டம்மா” என்றார். என் விரல்களைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கும் அது தூக்கம் கெடுத்திருக்கிறது.

வேப்பனப்பள்ளிக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். வண்டியில் கோளாறு இல்லை, உங்கள் மகன்தான் பார்க்காமல் திருப்பினார் என்று. செத்தவன்மேல் பழி போடுகிறாயா என்று கையை ஓங்கினார். அந்த மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். திருப்பி அடிக்கவில்லை. முறுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். எலும்பும் தோலுமான கை. கொஞ்ச நேரத்தில் அதுவே தளர்ந்து கீழே இறங்கியது. அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் நீ வாயெடுத்தாயே, “ஏம்மே, வண்டி” என்று. ‘வண்டி சரியாயிடுச்சி, நீ சொன்னதுதான் சரி’ என்று சொல்லத்தான் வந்தாய் என்று நம்பிக்கொள்ள எனக்கு ஆசைதான். சில நாள் நம்புகிறேன். சில நாள், வண்டியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று சொல்ல வந்திருப்பாய் என்று தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும், நான் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள உனக்கு என் இரண்டு விரல் தேவைப்பட்டது. தெரிந்துகொண்ட பிறகும் அதை என்னிடம் தராமல் ஒரு மெக்கானிக்கிடம் ஒளித்துவைத்தாய். உன்னை நான் மன்னிக்கவில்லை. உன்னைக் கொல்லவும் இல்லை. கொல்ல நினைத்தேன், அது என்னுடையது, அதை நானே சுமந்துகொள்வேன். உன் பங்கை உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

நான் அதே தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால்தான் நிற்கிறேன். இடது கையால் உறையை இறுக்கிப் பிடிக்க முடியாது என்று பிடிப்பு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். யாராவது பக்கத்தில் சட்டென்று கையை உயர்த்தினால் இன்னும் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. ஜோதி தலைமுடியைச் சரி செய்யக் கை தூக்கினால்கூட.

போன மாதம் எங்கள் கம்பெனி பஸ் சூளகிரிப் பக்கம் ஆள் ஏற்ற நின்றபோது இன்ஜின் ஏறி இறங்கியது. இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இறங்கும்போது டிரைவரிடம் நின்றேன். பெரிய மீசை, முரட்டுக் குரல், எல்லோரையும் அதட்டுகிற ஆள்.

“அண்ணா, டீசல் லைன்ல எங்கியோ காத்து இழுக்குதுன்னு நெனைக்கறன். டேங்க்குலருந்து வர்ற பைப்ப ஒரு தடவ பாருங்க” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “அப்படியா? சரிம்மா, பாக்கறன்” என்றார்.

அவ்வளவுதான். ஒரு ஆணிடம் அதைச் சொல்வதற்கு அவ்வளவுதான் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. படியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கம்பெனி கேட் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டு முறையும் திரும்பிப் பார்த்தேன், அவர் பின்னால் வரவில்லை.